பழையது போனால்தான் புதியது பிடிக்கும்

மே மாதம் பாதி கழிந்துவிட்டால் கோவண்டியில் கூரைகளின் மேல் ஆட்கள் தென்படத் தொடங்குவார்கள். கையில் தார் டப்பா, பழைய துணி. ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை மும்பைக்கு வந்துவிடும். அதற்குள் ஆணி ஓட்டைகளையும், கூரை சுவரோடு சேரும் இடங்களையும் அடைத்தாக வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நகரம் இது, அவசரம் நியாயமானதுதான். அந்த அவசரத்தில் விட்டுப்போகும் வேலை ஒன்று உண்டு: போன வருடம் பூசியதை முதலில் அகற்றுவது.

பழைய பூச்சின் மேல் போடும் புதிய பூச்சு சுவரைப் பிடிப்பதில்லை, பழையதைத்தான் பிடிக்கிறது. பழையதோ ஏற்கெனவே விட்டுப்போனது. புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதைதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஜன்னல்களிலும் குளியலறைகளிலும் போடும் சிலிகான் இன்னும் மோசம். காய்ந்த சிலிகான் மேல் பெயின்ட் ஒட்டாது, சிமென்ட் ஒட்டாது, புது சிலிகானும் சரியாகப் பிடிக்காது.

அகற்றுவது கடினமல்ல. பிளேடால் இரு ஓரங்களையும் கீறினால் பட்டையாக உரிந்து வரும். மிச்சத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். கறுப்புப் பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் கரைசல் போதும். அதோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்துவிடக் கூடாது. குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் சிமென்ட்டுக்கும் பளிங்குக்கும் உகந்ததல்ல. 'நியூட்ரல்' வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

கூரையில் மட்டும் விதி மாறுகிறது. தகரம் என்றால் கம்பி பிரஷ்ஷால் துருவையும் பழைய தாரையும் தேய்த்து எடுக்கலாம். சிமென்ட் ஷீட்டில் அதைச் செய்யவே கூடாது. அதில் கலந்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ். தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், கூரையைத் தேய்த்ததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆரோக்கியம் தொழிலாளியின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. சொந்தக் கூரையில் ஏறும் குடும்பத்தலைவருக்குத் தொழிற்சாலையும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. கவனம் அவருடையதாகவே இருக்க வேண்டும். ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, தளர்ந்துபோன தாரை மட்டும் கையால் எடுத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அந்தத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைப்பதும் ஆபத்து. பழைய ஷீட் ஆள் எடை தாங்காது. விரிசல் பெரிதாக இருந்தால் அடைப்பதைவிட ஷீட்டையே மாற்றுவது மேல்.

ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். அந்த ஒரு நாளை மே மாதத்திலேயே ஒதுக்கிவிட்டால், ஜூலையில் இரவெல்லாம் வாளி வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.