கரப்பான் வளர்ப்போர்

கரப்பான் பூச்சி என்றதும் துடைப்பத்தைத் தேடுவதுதான் நாம் அறிந்த சம்பிரதாயம். அமெரிக்காவிலோ அதைப் பெட்டியில் குடிவைத்து, உஷ்ணம் அளித்து, காரட்டும் ஆரஞ்சும் போட்டு வம்ச விருத்தி செய்விப்போர் பலர் உளர். அவர்கள் புத்தி பேதலித்தவர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானைச் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள். ஓணானுக்கு உயிருள்ள பூச்சியும் ஆகாரம்.

உலகில் கரப்பான் ஜாதிகள் 4,000-க்கு மேல். மனிதன் வீட்டில் புகுந்து உபத்திரவம் செய்பவை ஏறக்குறைய 30 தான். ஆகவே எதை வளர்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெரும்பாலோர் விரும்புவது தென் அமெரிக்காவின் துபியா. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளரும். பெண்ணுக்குச் சிறகு பெயரளவில்தான். வழவழப்பான சுவரில் ஏறாது. முட்டைகளை வயிற்றிலேயே காத்துக் குஞ்சுகளாக ஈனும். முட்டை அடுக்கும் அட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் அதுவே அதற்கு மாளிகை. எச்சமெல்லாம் கீழே உதிர்ந்துவிடும். (அந்தத் தூசியைப் பல ஆண்டு சுவாசித்தவர்களுக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் காண்பதுண்டு.) சுமார் 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் அதற்கு வேண்டும். குளிர்ந்த வீட்டில் தப்பி ஓடினாலும் அதன் வம்சம் தழைக்காது.

மடகாஸ்கரின் சீறும் கரப்பானை அழகுக்காகவே வளர்ப்பவர் உண்டு. பூச்சிக்கு மூக்கு எங்கே என்று வகுப்பில் நாம் கேட்டால் முகத்தைக் காட்டாத பிள்ளை அபூர்வம். இதுவோ விலாப்புறத்துச் சுவாசத் துளைகள் வழியாகவே சீறுகிறது. கண்ணாடியிலும் ஏறுமாதலால் பெட்டியின் விளிம்பில் வாஸ்லின் தடவுகிறார்கள்.

துர்க்கிஸ்தான் கரப்பானும் கண்ணாடியில் ஏறாது, சீக்கிரம் பெருகும், விலையும் சொற்பம். ஆனால் அது முட்டைக் கூட்டை வெளியே இட்டுவிட்டுப் போய்விடும். கூடு போகுமிடமெல்லாம் குடும்பமும் போகும். 1978-இல் கலிபோர்னியாவில் ஓர் இராணுவக் கிடங்கில் அதைக் கண்டார்கள். 2013-இல் அந்த மாகாணத்துச் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், தென்மேற்குப் பகுதிகளில் பழைய கீழ்நாட்டுக் கரப்பானையே அது வெளியேற்றி வருவதாக எழுதினர். தீனிப் பூச்சியாக அது விற்கப்படுவதையும் அவர்கள் குறிப்பிட்டனர்.

துபியா மட்டும் எங்கும் சாதுவா என்றால், இல்லை. புளோரிடா உஷ்ணப் பிரதேசம். தப்பினால் அங்கே நிலைத்துவிடக் கூடும். அதனால் அங்கே அதை வளர்க்கச் சட்டம் இடந்தராது. அது சரியென்றே நாம் கருதுகிறோம். வளர்ப்போர் அங்கு டிஸ்காய்டு என்ற வேறு ஜாதிக்கு மாறினார்கள். ஓணான்கள் ஆட்சேபிக்கவில்லை.