பிரேக்கர் இருந்தால் போதுமா?

ஜெர்மனியின் வுப்பர்டாலில் கோடை வந்தால் வீட்டுத் தோட்டத்தில் பிளாஸ்டிக் குளம் வைப்பார்கள், வடிகட்டிப் பம்பின் வயர் ஈரப் புல் மேல் கிடக்கும். “போர்டில் பிரேக்கர் இருக்கிறது, ஏதாவது என்றால் அதுவே விழுந்துவிடும்” என்பது பலரும் சொல்லும் தைரியம். ஆனால் அது காப்பது வயரைத்தான், ஆளை அல்ல. ஜெர்மன் வீடுகளில் வழக்கமான பி16 பிரேக்கர் வழியே 23 ஆம்பியர் ஓடினாலும், விழுவதற்கு அதற்கு ஒரு மணி நேரம்வரை அவகாசம் உண்டு. கணப்பொழுதில் விழ 48 முதல் 80 ஆம்பியர் வேண்டும். நனைந்த உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். பிரேக்கருக்கோ அது ஒரு பல்பு எரிவதற்குச் சமம்.

“சின்னப் பம்புதானே” என்பதும் நிற்காது. 40 வாட் பம்புக்கும் வருவது அதே 230 வோல்ட்தான். “எர்த் இருக்கிறதே” என்றால், பம்பின் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போது எர்த் உதவும், உண்மை. ஆனால் வயரின் உறை கிழிந்து, மின்சாரம் தண்ணீர் வழியாகவோ ஆள் வழியாகவோ மண்ணுக்கு இறங்கினால் எர்த் கம்பிக்கு அங்கே வேலையே இல்லை. அதைப் பிடிப்பது ஜெர்மனியில் எஃப்ஐ என்றும் நம் ஊரில் ஆர்சிசிபி என்றும் அழைக்கப்படும் சுவிட்ச். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கிறது. 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே 0.3 விநாடிக்குள் துண்டிக்கிறது. ஜெர்மன் மின் நிறுவல் விதியான டிஐஎன் விடிஇ 0100-410இன் 2007 பதிப்பு, வீட்டுச் சாக்கெட்டுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மழை பெய்தால் எஃப்ஐ விழுந்து தொல்லை தருகிறது என்று சிலர் அதைத் தவிர்த்துப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகுகிறார்கள். மழைக்கு விழுகிறது என்றால் இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது. எஃப்ஐ தன் வேலையைச் செய்கிறது.

வுப்பர்டாலின் எல்பர்ஃபெல்ட் பகுதியிலுள்ள நூற்றாண்டு பழைய வீடுகளுக்குப் பழைய விதிதானே என்பார்கள். ஏற்கெனவே உள்ள வயரிங்குக்கு அது பெரும்பாலும் பொருந்தும். குளத்துக்கென்று புதிதாக இழுக்கும் லைனுக்குப் பொருந்தாது. 1973க்கு முந்தைய வயரிங்கில் நியூட்ரலே எர்த்தாகவும் இருக்கலாம். அங்கே போர்டில் எஃப்ஐ மாட்டினால் மட்டும் போதாது, வயரிங்கையே மாற்ற வேண்டியிருக்கும். மின் விநியோக நிறுவனத்தின் பட்டியலில் பதிவான எலக்ட்ரீஷியனிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

பம்பைச் செருகுமுன் போர்டைத் திறந்து பாருங்கள். 0.03 ஏ என்ற எழுத்தும் ‘டி’ பட்டனும் உள்ள சுவிட்ச் இருந்தால் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். இல்லையென்றாலோ விழவில்லையென்றாலோ எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை பம்பைச் செருகாதீர்கள். எஃப்ஐ இருந்தாலும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.