அறுபதுக்குக் கீழே

வேலை தேடுகிறவர்களுக்கு உபதேசம் செய்ய இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பயோடேட்டாவை எப்படி எழுத வேண்டும், எத்தனை பக்கம் போகலாம், பேட்டிக்கு எந்தச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், பேசும்போது கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வகுப்பு நடக்கிறது, கட்டணமும் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பயோடேட்டாவைப் படிக்கப் போகிற மனிதருக்கு மட்டும் யாரும் வகுப்பு நடத்துவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவுடன் படிக்கிற ஞானம் தானாக வந்துவிடும் என்று எண்ணம் போலும். அது வருவதில்லை என்பதுதான் என் கட்சி.

இதைச் சொல்ல உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பட்டதாரி அல்ல. கல்லூரியைப் பாதி வழியில் பார்த்துவிட்டுத் திரும்பியவன். கதை எழுதிப் பிழைக்கிறேன். ஆனால் பயோடேட்டாவும் ஒருவகைக் கதைதானே? எழுதுகிறவன் தன் வாழ்க்கையிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி எடுக்கிறான், சிலவற்றை மறைக்கிறான், நல்ல அத்தியாயத்தை முன்னால் வைக்கிறான். கதையைக் கதையாகப் படித்து, அதற்குள் இருக்கிற மனிதனைத் தேட வேண்டும். நம் கம்பெனிக்காரர்களோ அதை ஜாதகமாகப் படிக்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். செவ்வாய் தோஷம் மாதிரி ஒரு குறை கண்ணில் பட்டால் போதும், மேற்கொண்டு விசாரணை கிடையாது.

அந்தப் பொருத்தங்களில் முதலாவது, பிரசித்தி பெற்ற 60 சதவிகிதம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு, எல்லாவற்றிலும் 60க்குக் குறையக் கூடாது என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, படிப்பிலோ வேலையிலோ இடைவெளி இருக்கக் கூடாது. 26 வயதுப் பெண் ஒருத்தி வேலை கேட்டு வருகிறாள். 15 வயதில் அவள் கணக்குப் பரீட்சை எழுதிய காலை நேரத்தில் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலை நேரம்தான் இன்றைக்கு அவளுடைய தலையெழுத்து!

சென்ற வருஷம் கோயம்புத்தூரில் பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் நண்பர் ஒருவரின் காரியாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நூற்று நாற்பது மனுக்கள் வந்திருந்தன. மேஜைமேல் இரண்டு அடுக்குகள். வலப்பக்க அடுக்கு அறுபதுக்கு மேல், இடப்பக்கம் கீழே. இடப்பக்கத்து அடுக்குத்தான் உயரம். பொழுது போகாமல் அதைப் புரட்டினேன். ஓர் ஆள் ஈரோட்டில் ஜவுளிக் கிடங்கு ஒன்றில் நாலு வருஷம் இருப்புக் கணக்குப் பார்த்திருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதே தாம்தான் என்றும், முதல் வருஷக் கணக்கெடுப்பில் சரக்குக்கும் ஏட்டுக்கும் இருந்த வித்தியாசம் மூன்றாம் வருஷம் எவ்வளவு குறைந்தது என்றும் எண்ணோடு எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பில் 54. நடுவில் இரண்டு வருஷம் காலி. நண்பரிடம் காட்டினேன்.

"நூற்று நாற்பது பேருங்க. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசிட்டிருந்தா நான் பம்ப் செய்யறது எப்பங்க? எங்கியாச்சும் ஒரு கோடு போட்டுத்தானுங்களே ஆகணும்?" என்றார்.

கோடு போட வேண்டியதுதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் தகராறு. ஸ்டோர் கீப்பருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? வந்த சரக்கை எண்ணி, பில்லோடு ஒத்துப் பார்த்து, ஏட்டில் ஏற்றத் தெரிய வேண்டும். கேட்ட சாமானை உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். தீரப் போகிற சாமானைத் தீருமுன் சொல்ல வேண்டும். கை சுத்தமாக இருக்க வேண்டும். மனுக்களைப் பிரிப்பதற்கு முன்னால் இந்த நாலு வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எதிரே வைத்துக்கொண்டால், நூற்று நாற்பதில் நூறு தாமாகவே விலகிவிடும். அதற்கும் ஒரு மணி நேரந்தான் ஆகும். அந்த ஈரோட்டுக்காரர் சிறந்த ஸ்டோர் கீப்பராக இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நண்பருக்கும் தெரியாது. தெரியாமலே இடப்பக்கம் வைத்துவிட்டார் என்பதுதான் என் வழக்கு.

மார்க்குக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு; அதை மறைக்க மாட்டேன். மார்க்கு என்று ஒன்று வந்ததனால்தான் மாமனார் சிபாரிசும் மச்சான் சிபாரிசும் கொஞ்சமாவது ஒடுங்கின. எல்லாரும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளை எழுதும் சர்க்கார் தேர்வு ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் அது இன்றைய வேலைக்காக இன்று வைக்கும் தேர்வு. பத்து வருஷத்துக்கு முந்திய பள்ளிக்கூட மார்க்கை எடுத்து வைத்துக்கொண்டு இதுவும் அதுவும் ஒன்று என்பது எந்த ஊர் நியாயம்?

ஆராய்ச்சிக்காரர்களும் இதில் என் பக்கம்தான். ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவன் எத்தனை வருஷம் படித்தான் என்பதை வைத்து அவன் எப்படி வேலை செய்வான் என்று சொல்லவே முடியாது என்கிற அளவுக்கு அந்தத் தொடர்பு சொற்பமாக இருந்தது. அந்த வேலையிலேயே ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பது எவ்வளவோ மேலாக இருந்தது. 2022இல் வேறு சிலர் கணக்கைத் திருத்திப் பல எண்களைக் கீழே இறக்கினார்கள். அப்போது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே மாதிரி கேட்கும் பேட்டி முதலிடத்துக்கு வந்தது. எத்தனை வருஷ அனுபவம் என்ற எண், பாவம், அப்போதும் அடிமட்டத்தில்தான் கிடந்தது.

ஜாதகத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதைப் பற்றியது. இந்தியத் தனியார் கம்பெனிகளின் 548 விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் சமம், பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு விகிதத்தில் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று மார் தட்டிக்கொள்கிறோம். வாஸ்தவம். அதற்குப் பதிலாகத் தகப்பனார் பெயர், அவர் செய்யும் தொழில், சொந்த ஊர், தெருப் பெயர், போதாததற்கு ஒரு போட்டோ என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். லேத் ஓட்டப் போகிறவனுக்கு எதற்கு ஐயா தகப்பனார் தொழில்? தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், எழுதிக் கொடுக்கிறவனுக்கும் தெரியும்.

மனிதர்தானே பாரபட்சம் பார்க்கிறார், யந்திரத்திடம் விட்டுவிடலாம் என்று இப்போது ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. அமெஸான் கம்பெனியார் 2014 முதல் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். பத்து வருஷ மனுக்களைக் காட்டி யந்திரத்தைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. யந்திரம் என்ன செய்தது? முதலாளி மனசறிந்த குமாஸ்தா மாதிரி, பெண்கள் என்ற சொல் வந்த மனுக்களைக் கீழே தள்ளிற்று; இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் தள்ளிற்று. கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். சங்கதி 2018இல் பத்திரிகைகளில் வந்தது. ராணி மேரிக் கல்லூரி தொடங்கி எத்தனையோ மகளிர் கல்லூரிகள் உள்ள நம் ராஜ்யத்தில் அந்த யந்திரம் என்ன கூத்து அடித்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

இத்தனையும் செய்துவிட்டு, ஆண்டு விழா மேடையில் ஏறி ராமானுஜனைப் பற்றிப் பேசுவார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர் அவர். 1912இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்கு அவர் எழுதிய மனுவில், படிப்பைத் தொடர முடியாமற் போனதை ஒளிக்காமல் எழுதி, அது முதல் கணிதத்திலேயே பொழுதைச் செலவிட்டதாகச் சொன்னார். 60 இல்லை, இடைவெளியோ பெரிய இடைவெளி. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு கூட இருந்தது. மாதம் முப்பது ரூபாயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதிலும் சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்றுதான் எழுதினார். கூடவே தம் தேற்றங்களை வைத்தார். அதற்கு முன் அவர் எழுதிப் பார்த்த வேறு இருவர் கைவிரித்திருந்தார்கள். ஹார்டி தேற்றங்களை வாசித்தார். அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான்: மனுவோடு வந்த வேலையைப் படித்தார்.

நம் கம்பெனிக்காரர்கள் ராமானுஜனைத் தேட வேண்டாம். ஸ்டோர் கீப்பரைத் தேடினால் போதும். பெயர், ஊர், படம் இருக்கிற பக்கத்தைக் காரியாலயத்தில் வேறொருவர் கழற்றி எடுத்துவிடட்டும். மிச்சத்தைப் படித்துப் பத்துப் பேரைப் பொறுக்கட்டும். அந்தப் பத்துப் பேரையும் வரவழைத்து, வேண்டுமென்றே இரண்டு தப்பு வைத்த பில் கட்டு ஒன்றையும் இருப்பு ஏட்டையும் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைக்கட்டும். வந்து போகிற பஸ் கட்டணத்தையும் அரை நாள் கூலியையும் கையில் கொடுக்க வேண்டும். இலவச ஊழியம் வாங்கக் கூடாது. இடைவெளி இருந்தால், இந்த இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று வாய் திறந்து கேட்கலாம். பதில் சொல்லத்தான் அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மிச்ச நூற்று முப்பது பேருக்கும், வேலை இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். இப்போது அதற்குத் தபால் தலைகூட ஒட்ட வேண்டியதில்லை.