சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகத்தில் சிக்கனம் வேண்டாம்

கேள்வி: ‘‘பத்து வருடப் பழைய கார் வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பின் சீட்டை மடக்கி, காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இதில்தான். மேடு பள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கம்பெனி பாகத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு டவுன் கடையில் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: ‘‘கம்பெனி பாகம் இல்லை என்பதாலேயே ஒரு பாகம் மட்டமாகிவிடாது. கார் கம்பெனிகள் இந்தப் பாகங்களைப் பெரும்பாலும் வேறு ஆலைகளில்தான் செய்து வாங்குகின்றன. அந்த ஆலைகளில் பலவும் சொந்தப் பெயரில் வெளிக்கடைகளிலும் விற்கின்றன. விலையும் கொஞ்சம் குறையும். அதைத் தாராளமாகப் போடலாம். செய்தவர் பெயரே இல்லாத பாகமும், நல்ல பெயரைப் போலியாக அச்சடித்த டப்பாவில் வரும் பாகமும்தான் ஆபத்து.

லோயர் ஆர்மின் நுனியில் பால் ஜாயிண்ட் இருக்கிறது. நம் இடுப்பு மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் குண்டு சுழலும். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருப்பது அதுதான். பிரேக் போட்டாலும் வளைவில் திரும்பினாலும் அந்த இழுப்பை அதுதான் தாங்குகிறது. குண்டு கழன்றுவிட்டால் சக்கரம் மடங்கிச் சாயும். ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

நல்லதும் மட்டமானதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லாரி கமான் பட்டையில் அடித்த அரிவாளும், சாதாரண இரும்பில் அடித்த அரிவாளும் சாணை பிடித்த அன்று ஒரே மாதிரிதான் மின்னும். துவைச்சல் சரியில்லாதது வெட்டும்போதுதான் தெரியும். பால் ஜாயிண்டும் அப்படித்தான். மட்டமானதில் ரப்பர் உறை சீக்கிரம் வெடிக்கும். கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் புகுந்து மூட்டு தேய்ந்துவிடும். ஆர்மில் இருக்கும் புஷ் ரப்பர் மட்டமாக இருந்தால், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தால் டயர் சாலையில் பதியாமல் குதிக்கும். பிரேக் போட்டாலும் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும்.

நானும் ஒருமுறை விலைக்கு ஆசைப்பட்டு, பெயர் இல்லாத பால் ஜாயிண்ட் போட்டேன். ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை, மூட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் பாகம், கூலி, அலைன்மென்ட் செலவு. முன் டயர்களும் ஓரம் தேய்ந்து வீணாயின. ஓடும்போது கழலவில்லையே என்பதுதான் ஆறுதல்.

முதலில் கோளாறை உறுதி செய்யுங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் பால் ஜாயிண்டிலா, வீல் பேரிங்கிலா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்வார்.

பாகத்தை விதை வாங்குவது போல வாங்குங்கள். டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. பாகத்தின் எண், கழற்றிய பழைய பாகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். காயலான் கடையில் பால் ஜாயிண்ட் வாங்கவே கூடாது. அது எவ்வளவு ஓடியது, எங்கே மோதியது என்று யாருக்கும் தெரியாது.

நல்ல பாகமும் மாட்டுவதில் கெட்டுப்போகும். ஆர்ம் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

கையில் பணம் குறைவாக இருந்தால், ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டை முதலில் நல்லதாக மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரில் கசிவு இல்லை, வண்டியும் குதிக்கவில்லை என்றால், மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு அதை அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போடலாம்.

அதுவரை அந்தக் காரில் மூட்டை ஏற்றாதீர்கள். பால் ஜாயிண்ட் ஆடுவது உறுதியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். பிள்ளைகள் நாலு நாள் பஸ்ஸில் போகட்டும்.’’