கேள்வி டிவியில்... கணக்கு ரசிகர் கையில்! 'ஜெப்பர்டி' ஃபேன்ஸ் ஏன் இவ்வளவு சீரியஸ்?

அமெரிக்காவில் வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் அரை மணி நேரம் ஓடும் டிவி குவிஸ் ஷோ 'ஜெப்பர்டி'. 1964-ல் தொடங்கியது. இப்போது பார்க்கிற வடிவம் 1984-ல் இருந்து வருகிறது. எலிமினேஷன் அழுகை கிடையாது, போட்டியாளர்களுக்குள் சண்டை கிடையாது. மூன்று பேர் நிற்பார்கள், எதிரே ஒரு போர்டு, அதில் கேள்விகள். அவ்வளவுதான்.

ஆனால், இதே ஷோவில் 2021-ல் ஒரு புதிய தொகுப்பாளர் அறிவிக்கப்பட்ட ஒன்பதே நாளில் விலக வேண்டியிருந்தது. 2023-ல் முன்னாள் சாம்பியன்களே 'நாங்க வரமாட்டோம்' என்றார்கள். இரண்டிலும் ஷோவை வருடக்கணக்கில் உன்னிப்பாகப் பின்தொடர்ந்தவர்களின் கை இருந்தது. ஒரு குவிஸ் ஷோவுக்கு எதற்கு இத்தனை அலப்பறை?

முதலில், ஷோ எப்படி நடக்கும்?

இங்கே நான்கு ஆப்ஷன் கிடையாது, லைஃப்லைனும் கிடையாது. போர்டில் வருவது விடை மாதிரியான ஒரு குறிப்பு. போட்டியாளர் அதற்குப் பொருத்தமான கேள்வியைச் சொல்ல வேண்டும். உதாரணமாக, '1953-ல் டென்சிங்குடன் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட நியூசிலாந்துக்காரர்' என்று வந்தால், 'எட்மண்ட் ஹிலாரி யார்?' என்பதுதான் சரியான பதில்.

முதல் சுற்றில் 30, இரண்டாவது சுற்றில் 30, கடைசியாக ஒன்று என ஒரு எபிசோடுக்கு 61 குறிப்புகள். விடை தெரிந்தால் மட்டும் போதாது. தொகுப்பாளர் படித்து முடித்து, போர்டைச் சுற்றி விளக்கு எரிந்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். அவசரப்பட்டு முன்பே அழுத்தினால் கால் விநாடிக்குப் பட்டன் வேலை செய்யாது. அந்தக் கால் விநாடியில் பக்கத்தில் நிற்பவர் முந்திவிடுவார்.

வீட்டில் இருப்பவருக்கு என்ன ஸ்கோர்?

பட்டன் இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் ரசிகரும் விளையாடுகிறார். 'கோரியட் ஸ்கோர்' என்று ஒரு கணக்கு முறை ரசிகர்களிடம் பிரபலம். ஷோவின் முன்னாள் சாம்பியன் கார்ல் கோரியட் பெயரில் வழங்குகிறது. சரியாகச் சொன்னால் அந்தக் குறிப்பின் மதிப்பைக் கூட்ட வேண்டும், தப்பாகச் சொன்னால் கழிக்க வேண்டும். தெரியவில்லையா, வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், நஷ்டமில்லை. பந்தயம் கட்டும் பகுதிகளில் கட்டுகிற பணம் கணக்கில் சேராது.

பந்தயத்தை ஏன் ஒதுக்க வேண்டும்? சோபாவில் உட்கார்ந்துகொண்டு பத்தாயிரம் டாலர் கட்டுவது யாருக்கும் சுலபம். அதை எடுத்துவிட்டால், ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது மட்டும் மிஞ்சும். தினமும் இப்படி எழுதி வைத்தால் சில மாதங்களில் சொந்த பலவீனம் தெளிவாகத் தெரிந்துவிடும். வரலாறு ஓகே, ஓபரா சுத்தமாக வராது என்பது போல. ஃபிட்னஸ் ஆப்பில் நடந்த அடிகளை எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் புரியும்.

ரசிகர்கள் கட்டிய கேள்வி வங்கி

ரசிகர்கள் நடத்தும் 'ஜே ஆர்க்கைவ்' தளத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான பழைய குறிப்புகள் விடையோடு இருக்கின்றன. எந்த எபிசோடில், யார், எதற்குத் தப்பாகச் சொன்னார் என்பதுவரை பதிவாகியிருக்கும். இதைச் செய்தது சேனல் இல்லை, ரசிகர்கள்.

இந்த வங்கி ஆட்டத்தையே மாற்றியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ரோஜர் கிரெய்க், பழைய குறிப்புகளை டேட்டாவாகப் பிரித்து, எந்தத் தலைப்புகள் அடிக்கடி வருகின்றன என்று பார்த்துத் தயாரானார். 2010-ல் ஒரே எபிசோடில் 77,000 டாலர் வென்று அப்போதைய சாதனையை முறியடித்தார்.

2019-ல் வந்த ஜேம்ஸ் ஹோல்ஸாவர் தொழில்முறை பந்தயக்காரர். அதிக மதிப்புள்ள குறிப்புகளை முதலில் எடுப்பது, பெரிய தொகையாகக் கட்டுவது என்று விளையாடி, ஒரே எபிசோடில் 1,31,127 டாலர் வென்றார். 32 வெற்றிகளுக்குப் பிறகு அவரைத் தோற்கடித்தவர் எம்மா போட்சர் என்ற நூலகர். முதுகலைப் படிப்பில் அவர் செய்த ஆய்வு என்ன தெரியுமா? ஜெப்பர்டி குறிப்புகளில் எது கடினம், எது சுலபம் என்பதைக் கம்ப்யூட்டரால் கணிக்க முடியுமா என்பதுதான்!

நம்பிக்கைதான் மூலதனம்... ஏன்?

இந்த ஷோ பிறந்ததே ஒரு மோசடியின் நிழலில்தான். 1950-களில் அமெரிக்க டிவி குவிஸ் ஷோக்கள் சக்கைப்போடு போட்டன. பிறகுதான் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்து நடிக்க வைத்தது வெளியே வந்தது. 'ட்வென்டி ஒன்' ஷோவின் நட்சத்திரம் சார்லஸ் வான் டோரன், 1959-ல் நாடாளுமன்றக் குழு முன்பு தனக்கு விடைகள் தரப்பட்டதை ஒப்புக்கொண்டார். 1960-ல், குவிஸ் போட்டிகளில் முறைகேடு செய்வதைக் குற்றமாக்கிச் சட்டமே வந்தது.

அந்த அவப்பெயருக்கு நடுவில் புதிய குவிஸ் ஷோ யோசித்தவர் மெர்வ் கிரிஃபின். 'விடையை நாமே கொடுத்துவிட்டு, கேள்வியைச் சொல்லச் சொன்னால் என்ன?' என்று யோசனை சொன்னது அவர் மனைவி ஜூலன். 'விடையைக் கொடுத்துவிட்டார்கள்' என்ற புகாரையே அவர்கள் விளையாட்டாக மாற்றிவிட்டார்கள்.

ஆகவே, இங்கே ரசிகர் வைக்கும் கணக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஒரு பதிலை ஏற்றது சரியா, மறுத்தது நியாயமா என்று ஒவ்வொரு எபிசோடையும் அவர்கள் அலசுகிறார்கள். காசு வாங்காத ஆடிட்டர் மாதிரி.

2021: ஒன்பது நாள் தொகுப்பாளர்

1984 முதல் தொகுப்பாளராக இருந்த அலெக்ஸ் ட்ரெபெக் 2020 நவம்பரில் காலமானார். அடுத்து யார்? நடிகர் லெவார் பர்ட்டனுக்கு வாய்ப்புக் கேட்டு நடந்த மனுவில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பல பிரபலங்கள் ஆளுக்குச் சில நாள் நடத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் 11 அன்று அறிவிக்கப்பட்டவர், ஷோவின் நிர்வாகத் தயாரிப்பாளரான மைக் ரிச்சர்ட்ஸ். அவரே இண்டர்வியூ எடுத்து அவரே செலக்ட் ஆன மாதிரி இருந்தது பலருக்கு.

ஒரு வாரம் கழித்து 'தி ரிங்கர்' தளத்தில் கிளேர் மெக்நியர் எழுதிய கட்டுரை வந்தது. ஜெப்பர்டி பற்றி ஏற்கெனவே புத்தகமே எழுதியவர் அவர். ரிச்சர்ட்ஸ் முன்பு நடத்திய பாட்காஸ்ட்டின் 41 எபிசோடுகளையும் கேட்டு, பெண்களையும் யூதர்களையும் இழிவுபடுத்தும் பேச்சுகளை அதில் வெளிக்கொண்டுவந்திருந்தார். ரிச்சர்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட் 20 அன்று தொகுப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். மாத முடிவில் தயாரிப்பாளர் பதவியும் போனது.

அதே உன்னிப்பு எல்லை மீறினால்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஆண்டில், மூன்றாவது முறை வென்ற ஒரு போட்டியாளர் கேமரா முன் மூன்று விரல்களைக் காட்டினார். அது வெள்ளையின வெறியர்களின் சைகை என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான முன்னாள் போட்டியாளர்கள் கையெழுத்திட்டுக் கண்டனக் கடிதமே வந்துவிட்டது.

நடந்தது என்ன? முதல் வெற்றிக்கு ஒரு விரல், இரண்டாவதுக்கு இரண்டு விரல் காட்டியவர் அவர். மூன்றாவதுக்கு மூன்று. அவ்வளவுதான். வெறுப்புச் சின்னங்களைக் கண்காணிக்கும் 'ஆன்டி டிஃபமேஷன் லீக்' அமைப்பும் இதில் தவறாக எதுவும் இல்லை என்றது. ஆனாலும், கடிதத்தை ஆதரித்தவர்கள் பலர் பின்வாங்கவில்லை. கேள்விகளுக்கு ஆதாரம் கேட்டுப் பழகியவர்களே சந்தேகத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். பொது அறிவு அதிகம் இருப்பவர் வதந்தியில் விழமாட்டார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2023: கேள்வி எழுதுவது யார்?

2023 மே மாதம் ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஸ்ட்ரைக் தொடங்கியது. ஜெப்பர்டி குறிப்புகளை எழுதுபவர்களும் அந்தச் சங்கத்தினர்தான். அவர்கள் இல்லாமல் 'சாம்பியன்கள் போட்டி' நடந்தால் வரமாட்டேன் என்று சாம்பியன் ரே லலோண்ட் அறிவித்தார். வேறு சில சாம்பியன்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அந்தப் போட்டி தள்ளிப்போனது. சீசனின் தொடக்க எபிசோடுகளில், ஸ்ட்ரைக்குக்கு முன்பு எழுதியவையும் பழைய குறிப்புகளும் கலந்து வந்தன.

சாம்பியன்கள் இழக்கத் துணிந்தது சின்ன விஷயம் இல்லை. பலருக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வரும் மேடை. ஆனால், நல்ல குறிப்பு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆயிரக்கணக்கில் படித்துத் தயாரான அவர்களுக்குத் தெரியும்.

கூகுள் இருக்கும்போது எதற்கு இதெல்லாம்?

2011-லேயே ஐபிஎம் உருவாக்கிய 'வாட்சன்' கம்ப்யூட்டர் இந்த மேடையில் இரண்டு பெரிய சாம்பியன்களைத் தோற்கடித்துவிட்டது. அதில் ஒருவர், 2004-ல் தொடர்ந்து 74 முறை வென்ற கென் ஜென்னிங்ஸ். வெறும் விடைதான் வேண்டும் என்றால் ரசிகர்கள் அன்றே டிவியை அணைத்திருக்கலாம்.

அணைக்கவில்லை. மெஷினிடம் தோற்ற ஜென்னிங்ஸ்தான் 2023 டிசம்பர் முதல் ஷோவின் ஒரே தொகுப்பாளர். போட்டியாளராக வந்த ஒரு ரசிகர், இன்று குறிப்பைப் படிக்கும் இடத்தில் நிற்கிறார். வீட்டில் இருப்பவர் அந்தக் குறிப்பு படித்து முடிவதற்குள், போனைத் தொடாமல், தனக்கே தெரியுமா என்று பார்க்கிறார். தப்பானால் அதையும் அன்றைய கணக்கில் கழிக்கிறார்.