பழி பெட்டி மேலா, பென் டிரைவ் மேலா?

ஆடி பிறந்தால் போதும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பந்தல் எழும்பிவிடும். பகலில் கூழ் வார்ப்பார்கள். இரவில் பாட்டுக் கச்சேரி நடக்கும். மக்காச்சோளக் கொல்லையைத் தாண்டி அடுத்த ஊருக்கும் பாட்டுக் கேட்கும்.

அடுத்த முறை அந்த மேடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன்பெல்லாம் கிதார் வாசிக்கிறவருக்குப் பின்னால் கள்ளிப்பெட்டி மாதிரி பெரிய பெட்டி ஒன்று நிற்கும். 'ஆம்ப்' என்பார்கள். கிதாரின் ஒலியைப் பெரிதாக்கும் கருவி அது. இப்போது பல மேடைகளில் அதைக் காணோம். அவர் காலடியில் செங்கல் அளவில் சிறு பெட்டி கிடக்கிறது. அதில் நாலைந்து பொத்தான்கள். அதிலிருந்து ஒரு ஒயர் நேராக மைக் செட்காரரிடம் போகிறது. அவ்வளவுதான்!

இதைப் பார்த்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "எல்லாம் மிஷின்தான் வாசிக்குது. இவன் சும்மா நிக்கிறான். இதுக்கா காசு?" என்கிறார்கள்.

வரி கொடுத்து விழா நடத்துகிறவர்கள் கணக்குக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் பழி போய்ச் சேரும் இடம்தான் தப்பு. அந்தச் சிறு பெட்டி யார் பிழைப்பையும் திருடவில்லை. திருடுவது வேறொன்று. அதற்கு வருமுன், பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பெட்டிக்குள் என்ன?

வீணைக்குக் குடம் உண்டு. சாதாரண கிதாருக்கு மரத்தால் ஆன வயிறு உண்டு. மின்சார கிதாருக்கு அது கிடையாது. பெரும்பாலும் கட்டை மரம்தான். தந்தியை மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். தந்திக்கு அடியில் காந்தமும், செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி ஆடும்போது அந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளியைப் பெரிதாக்குவதுதான் ஆம்ப்.

பஞ்சாயத்து ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற வேண்டும். பழைய கிதார் ஆம்புக்குள்ளும் அதே மாதிரி வால்வுகள்தான். அவற்றை அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலி நசுங்கிக் கரகரக்கும். ரேடியோவில் அது கோளாறு. கிதாரில் அதுவே அழகு!

அந்தக் கரகரப்புக்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் பிளேடை எடுத்துத் தன் ஆம்பின் ஸ்பீக்கரையே கிழித்துவிட்டார். அவருடைய குழுவுக்குக் 'கிங்க்ஸ்' என்று பெயர். அந்தக் கிழிந்த ஸ்பீக்கரில் வாசித்த பாட்டு 1964-ல் வெளிவந்து உலகெல்லாம் பரவியது. நம் வீட்டில் பிள்ளை அப்படிச் செய்திருந்தால் முதுகில் விழுந்திருக்கும்!

இன்று ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டாம். சிறு பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கிதாரிலிருந்து வரும் மின்சாரத்தை அது நொடிக்கு 40 ஆயிரம் தடவைக்கு மேல் அளந்து எண்ணாக மாற்றுகிறது. 'இந்த மின்சாரம் இன்ன வால்வுக்குள் போனால் எப்படி நசுங்கும்? இன்ன ஸ்பீக்கரில் எப்படி ஒலிக்கும்?' என்று கணக்குப் போடுகிறது. விடையை மறுபடியும் மின்சாரமாக்கி வெளியே அனுப்புகிறது. ஒரு நொடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் சில பங்கு நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடும்!

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்குப் போடப் பெட்டிக்கு எண் வேண்டும். அந்த எண் தந்தியிலிருந்துதான் வரவேண்டும். விரல் தந்தியைத் தொடாவிட்டால் பெட்டி ஊமை. விரல் அபஸ்வரம் வாசித்தால் பெட்டியும் அபஸ்வரத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும். பார்க்கப்போனால், கரகரப்பு ஏற ஏறச் சின்னத் தப்பும் பெரிதாகக் கேட்கும்.

அமெரிக்காவிலிருந்து அண்டார்டிக்கா வரை

'லைன் 6' என்ற அமெரிக்கக் கம்பெனி 1996-ல் இப்படிக் கணக்குப் போடும் ஆம்பை விற்க ஆரம்பித்தது. 1998-ல் அதைக் கையடக்கமாக்கி, அவரை விதை வடிவத்தில், சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி செய்தது. அதற்குப் 'பாட்' என்று பெயர். இசைக்காரர்களில் பாதிப் பேர் அப்போது சிரித்தார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 'மெட்டாலிக்கா' என்ற அமெரிக்கக் குழு பேரிரைச்சலுக்குப் பேர் போனது. அது 2013 டிசம்பரில் அண்டார்டிக்காவில் கச்சேரி செய்தது. பனிக்கட்டித் தேசத்தின் அமைதியைக் கெடுக்கக் கூடாதே! அதனால் மேடையில் முழங்கும் ஆம்புகள் இல்லை. கேட்க வந்தவர்கள் எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

'பெண்டர்' கம்பெனியின் 'ட்வின் ரிவெர்ப்' என்ற வால்வு ஆம்ப் உலகப் புகழ் பெற்றது. எடை சுமார் 29 கிலோ. 2019-ல் அதே கம்பெனியே கம்ப்யூட்டர் வைத்து அதே தோற்றத்தில் இன்னொன்று செய்தது. எடை சுமார் 15 கிலோ. அசலைச் செய்தவனே நகலையும் செய்து விற்கிறான் என்றால், இனி மற்றவர்கள் சண்டை போட என்ன இருக்கிறது?

நம் ஊருக்கு இது எதற்கு?

செந்துறையில் ஒரு நாள் கச்சேரி, வேப்பந்தட்டையில் மறுநாள் கச்சேரி என்று அலைகிறவரை நினைத்துப் பாருங்கள். 29 கிலோ பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? வேன் வைத்தால் வாங்கும் சம்பளம் வாடகைக்கே போய்விடும். வால்வு கண்ணாடியால் ஆனது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலையில் அது எத்தனை நாள் தாங்கும்? சிறு பெட்டியோ தோள்பைக்குள் அடங்கிவிடும். சில ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது. லட்சத்தைத் தாண்டும் பெட்டிகளும் இருக்கின்றன. திருவிழாக் கச்சேரிக்கு அவை வேண்டியதில்லை என்பது என் எண்ணம். லேப்டாப் இருக்கும் வீட்டில் 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற இலவசச் செயலியைக் கூடப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கும் இது நல்லது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிள்ளை நள்ளிரவு வரை பழகலாம். பரீட்சைக்குப் படிக்கும் தங்கைக்குத் தொந்தரவு இல்லை. அடுத்த வீட்டார் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆம்ப் பழுது பார்த்துப் பிழைத்தவருக்கு வேலை குறையத்தான் செய்யும். மேடையில் முதுகுக்குப் பின்னால் ஆம்ப் முழங்கும்போது உடம்பில் தட்டும் அதிர்வும் சிறு பெட்டியில் கிடைக்காது. பழகியவர்கள் அதற்கு ஏங்குகிறார்கள். ஏக்கம் நியாயமானதுதான்.

"அது சரி, மிஷினுக்கும் நம் சங்கீதத்துக்கும் ஒத்துவருமா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வி ஆர்மோனியத்துக்கும் வந்தது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடையைத் தளர்த்தியது. மாண்டலின் சீனிவாசை எல்லோரும் அறிவோம். சாதாரண மாண்டலினில் ஒலி தட்டியவுடன் செத்துவிடும். கமகத்தை இழுக்க நேரம் கிடைக்காது. அவர் மின்சார மாண்டலினை எடுத்தார். மின்சாரம் ஒலியை நீட்டியது. நீண்ட ஒலியில் விரல் ராகத்தை வளைத்தது. 2014-ல் அவர் மறைந்தபோது, கர்நாடக சங்கீதத்தில் மாண்டலினுக்கு என்ன வேலை என்று கேட்க யாரும் இல்லை. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். எகர ஏகாரத்துக்கு வேறுபாடு காட்ட அவர் செய்த திருத்தத்தைத்தான் இன்று நாம் ஆனா ஆவன்னாவோடு படிக்கிறோம்!

உண்மையான திருடன்

இப்போது அந்தப் பழிக்கு வருவோம். 'மிஷின் வாசிக்கிறது' என்பது பொய்யல்ல. ஆனால் வாசிப்பது பென் டிரைவ்! பாட்டிலிருந்து பாடகர் குரலை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற எல்லா வாத்தியத்தையும் முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். 'மைனஸ் டிராக்' என்று அதற்குப் பெயர். ஒருவர் பட்டனை அமுக்குவார். ஒருவர் பாடுவார். எட்டுப் பேரும் பத்துப் பேரும் ஏறிய மேடையில் மூன்றே பேர் நிற்கும் கச்சேரிகள் வந்துவிட்டன. தபேலாக்காரர் எங்கே? கிதார்க்காரர் எங்கே? பென் டிரைவுக்குள் போய்விட்டார்கள்.

சிறு பெட்டி ஆம்பின் இடத்துக்கு வந்தது. பென் டிரைவ் ஆளின் இடத்துக்கு வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

ஊரில் பணம் குறைவு, மூன்று பேர்தான் கட்டும் என்றால் அப்படியே நடத்தட்டும். அதில் குற்றமில்லை. எட்டுப் பேருக்குப் பேசி, எட்டுப் பேரையும் மேடையில் நிறுத்தி, டிராக்கை ஓடவிட்டுக் கையை ஆட்டுவதுதான் மோசம். ஆகவே விழாக் கமிட்டியார் முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்: "கையால் வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்? அவரவர் பங்கு எவ்வளவு?" இதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாசிக்கிறவருக்கு இது ஒரு மாதச் சோற்றுப் பிரச்சினை.

கமிட்டியாருக்கு இன்னொரு வேண்டுகோள். ஜெனரேட்டருக்கு எர்த் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கோளாறு இருந்தால் கை தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடிக்கலாம். உயிருக்கே ஆபத்து.

வாங்கப் போகிறீர்களா?

கிதார் கற்பது உருப்படாத பிழைப்பு என்று சில அப்பாக்கள் நினைக்கிறார்கள். 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில், பிரதமர் வந்திருந்த ஆடித் திருவாதிரை விழாவில், இளையராஜா இசை நிகழ்ச்சி நடத்தினார். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால், பிற இசையமைப்பாளர்களிடம் கிதார் வாசித்துப் பிழைத்தவர்தான் அவர். எல்லாப் பிள்ளையும் இளையராஜா ஆகிவிட முடியாது. மாலையில் கச்சேரிக்குப் போய் நாலு காசு கொண்டுவர முடியும்.

முதல் வருஷம் பெட்டி வேண்டாம். சாதாரண கிதாரில் விரல் படியட்டும். பிறகு வாங்கினாலும் நூறு விதமான ஒலிகளில் மயங்க வேண்டாம். சுத்தமான ஒலி ஒன்று, கரகரப்பு ஒன்று, கொஞ்சம் எக்கோ. பெரும்பாலான பாட்டுகளுக்கு இந்த மூன்றே போதும். எக்கோவைக் கூட்டிக் கூட்டி, கச்சேரியைக் கிணற்றுக்குள் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்!

திருச்சிக்கு வாங்கப் போகும்போது உங்கள் கிதாரையும் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டிக்கென்று உள்ள அடாப்டரைத் தவிர வேறொன்றைச் செருகாதீர்கள். பழைய வால்வு ஆம்ப் மலிவாகக் கிடைத்தால், வீட்டில் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கடைசியாக, 'கேபினெட்' என்ற சுவிட்சைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கரைப் போல ஒலிக்கச் செய்வது அதுதான். மைக் செட்டில் நேராகச் செருகும்போது அது போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிதார் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி கத்தும். சிலர் அது தெரியாமல் பெட்டியே மோசம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.