கப்பலுக்கு வயசாச்சு, சர்டிபிகேட்டுக்கு ஆகல

ரெண்டு வாரமா பதிவு பக்கமே வர முடியல. கிளாஸ்கோ குளிரும் அசைன்மென்ட்டும் சேர்ந்து படுத்துது. இப்ப வகுப்பில் பழைய கப்பல்களைச் சோதிப்பது பற்றிப் பாடம். துரு பிடிச்சா தகட்டை மாத்திட வேண்டியதுதானேன்னு சுலபமா நினைச்சிருந்தேன்.

அப்படி இல்லைங்க. மோசமான துரு உள்ளே, எடைக்காகக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டிகளில் இருக்கும். கும்மிருட்டு, சேறு. உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் துருவே தின்றுவிடும். காற்றோட்டம் விட்டு, அளந்து பார்க்காமல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தகட்டின் தடிமனையும் அல்ட்ராசோனிக் கருவியால் புள்ளி புள்ளியாகத்தான் அளக்கணும். அளக்காத இடம்?

எரிகாவைப் பாருங்க. 1975-ல் ஜப்பானில் கட்டின எண்ணெய்க் கப்பல். 1999 டிசம்பர் 12-ல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் புயலில் இரண்டாக உடைந்தது. சுமார் 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. சான்றிதழ் மட்டும் பக்காவா இருந்தது!

சான்று தந்த நிறுவனத்துக்கான தண்டனையை பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்தது. நல்லதுதான், ஆனா அதுக்குள்ள பதிமூணு வருஷம் போச்சு.

சோதிக்கிறவருக்குக் கூலி கொடுப்பது கப்பல் முதலாளி. கறாரா இருந்தா அவர் வேற நிறுவனத்தைத் தேடிப் போகலாம். அந்தக் கூலி பொது நிதி வழியா போகணும், யார் சோதிப்பதுன்னு முதலாளி முடிவு பண்ணக் கூடாது. இதுதான் என் கட்சி.

பரீட்சைத் தாள் திருத்துற வாத்தியாருக்கு நாமே சம்பளம் கொடுத்தா, நம்மில் யாராவது ஃபெயில் ஆவோமா?